உணவு நோயும் கம்ப்யூட்டர் கணக்கும்

கடையில் சாப்பிட்ட ஒருவர் உணவு விஷமாகி உயிரிழந்தார் என்ற செய்தி வந்தால், அடுத்து நடப்பது என்ன என்பதை வாசகர்கள் நன்கு அறிவார்கள். மறுநாள் காலை அதிகாரிகள் கிளம்புகிறார்கள். கடைக்குச் சீல் வைக்கப்படுகிறது. அக்கம்பக்கத்துக் கடைகளிலும் சோதனை நடக்கிறது. கெட்டுப்போன இறைச்சியின்மீது பினாயில் ஊற்றப்படுகிறது. அது படமாகப் பத்திரிகைகளில் வருகிறது. சில தினங்களில் ஓர் உத்தரவு பிறக்கிறது. சில மாதங்களில் அது மறக்கப்படுகிறது. அடுத்த மரணம் வரும்வரை எல்லோருக்கும் நிம்மதி.

2022 மே மாதத் தொடக்கத்தில் கேரளத்தின் காசர்கோடு ஜில்லா செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட ஒரு மாணவி இறந்தார். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் அதே பண்டத்தைச் சாப்பிட்ட ஒரு சிறுமி இறந்தாள். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைக் கேரள சர்க்கார் 2023 ஜனவரியில் தடை செய்தது. தமிழ்நாடு சர்க்கார் 2025 ஏப்ரல் 8-ஆம் தேதி முதல் ஓராண்டுக்கு அதே தடையை விதித்தது. இந்த உத்தரவுகளை நாம் குறை கூறவில்லை. உயிரைக் காக்க வேண்டுமென்ற எண்ணத்தில் பிறந்தவையே அவை. ஆனால் ஒரு கேள்வியைக் கேட்காமலிருக்க முடியவில்லை. இத்தகைய தடையால் எத்தனை பேர் நோயிலிருந்து தப்புகிறார்கள்? அதே முயற்சியையும் அதே பணத்தையும் வேறொரு காரியத்தில் செலவிட்டால் எத்தனை பேர் தப்புவார்கள்? இதற்கு விடை கூற முடியாத உத்தரவு நல்லெண்ணத்துக்கு அடையாளமாகலாம். கொள்கை என்ற பெயருக்கு அது தகுதியுடையதாகாது.

விடை கூற வழி இருக்கிறது. உணவு பண்ணையிலிருந்து புறப்பட்டு மனிதனுடைய வாயில் சேரும்வரை எந்த இடத்தில், எந்தப் பழக்கத்தால், எவ்வளவு ஆபத்து சேருகிறது என்பதைக் கம்ப்யூட்டரில் கணக்கிட்டுப் பார்க்கும் சாஸ்திரம் இன்று நன்கு வளர்ந்திருக்கிறது. மேல்நாடுகள் அதைக் கொண்டு சட்ட திட்டங்களைச் சீர்திருத்துகின்றன. நமது நாடும் இந்தக் கணக்கைத் தன் கையால், தன் எண்களைக் கொண்டு போட்டுப் பார்க்க வேண்டும் என்பதே நமது கோரிக்கை.

நோயின் பாரம்

இது பணக்கார நாடுகளின் வீண் கவலை என்று யாரும் எண்ண வேண்டாம். உலக சுகாதார ஸ்தாபனம் 2015-இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. 2010-ஆம் வருஷத்தில் மட்டும் அசுத்த உணவால் உலகில் 60 கோடிப் பேர் நோயுற்றார்கள் என்றும், 4,20,000 பேர் மாண்டார்கள் என்றும் அது கூறுகிறது. மாண்டவர்களில் 1,25,000 பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். இந்தியா அடங்கிய தென்கிழக்காசிய மண்டலத்தின் பங்கு மட்டும் வருஷத்துக்கு 15 கோடி நோயாளிகள், 1,75,000 மரணங்கள். யுத்தத்தில் இத்தனை பேர் மாண்டால் பார்லிமெண்டுகள் கூடும், கொடிகள் தாழும். குழந்தைகள் வயிற்றுப்போக்கால் வீட்டு மூலையில் சாகிறார்கள். ஆகையால் யாரும் கூடுவதில்லை.

கணக்கு எப்படி நடக்கிறது?

ஒரு முட்டையை எடுத்துக்கொள்வோம். அதில் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பெரும்பாலான முட்டைகளில் இராது. இருந்தால் எத்தனை கிருமி? முட்டை எத்தனை நாள் வண்டியிலும் கடையிலும் கிடந்தது? எவ்வளவு உஷ்ணத்தில்? சமைத்தவர் நன்றாக வேகவைத்தாரா, அரைவேக்காட்டில் எடுத்தாரா? சமைத்ததை உடனே பரிமாறினாரா, மாலைவரை வைத்திருந்தாரா? சாப்பிட்டவர் இளைஞரா, முதியவரா, சிசுவா? இந்த ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே விடை கிடையாது. பல விடைகள் உண்டு. சில அடிக்கடி நேர்பவை, சில அபூர்வமானவை.

கம்ப்யூட்டர் செய்வது தாயக்கட்டை உருட்டும் வேலைதான். கட்டையின் ஒவ்வொரு முகமும் எத்தனைக்கு ஒரு முறை விழ வேண்டும் என்பதை நேரில் அளந்த அளவுகளைக் கொண்டு முன்கூட்டியே அமைத்துவிடுகிறார்கள். பிறகு ஒரு முட்டையைப் பண்ணையிலிருந்து புறப்படச் செய்து, வழியில் ஒவ்வொரு கட்டத்திலும் கட்டையை உருட்டி, கடைசியில் ஒருவர் நோயுற்றாரா இல்லையா என்று குறித்துக்கொள்கிறது. இப்படியே பல லட்சம் முட்டைகளைச் சில நிமிஷங்களில் அனுப்பிப் பார்க்கிறது. ஊலம், நியூமன் முதலிய கணித அறிஞர்கள் அமெரிக்காவில் அணுகுண்டு ஆராய்ச்சி நடந்த லாஸ் அலமாஸில் 1940-களில் வகுத்த முறை இது. சூதாட்டத்துக்குப் பெயர்போன மாண்டி கார்லோவின் பெயரையே இதற்கு வைத்தார்கள். அழிவுக்காகக் கண்ட கணக்கு இன்று குழந்தையின் சோற்றைக் காக்க உதவுகிறது.

இந்த முறையின் பெரிய பலன் வேறொன்று. எண்களில் ஒன்றை மாத்திரம் மாற்றிவிட்டு ஆட்டத்தை மறுபடியும் ஆடிப் பார்க்கலாம். எல்லாச் சமையற்காரர்களும் சோப்புப் போட்டுக் கை கழுவினால் எத்தனை நோய் குறையும்? எல்லா முட்டைகளும் குளிரில் வந்தால் எத்தனை? இதை உயிருள்ள மனிதர்களுக்குக் கிருமியை ஊட்டிப் பார்த்து அறிய முடியுமா? அது மகா பாதகம். கம்ப்யூட்டருக்குள் யாருக்கும் வயிறு வலிப்பதில்லை.

அமெரிக்க விவசாய இலாகா 1998-இல் முட்டைகளைப் பற்றி இத்தகைய கணக்கொன்றை வெளியிட்டது. பண்ணை, கிடங்கு, சமையலறை என்று ஏதேனும் ஓரிடத்தில் மட்டும் கெடுபிடி செய்வதைவிட, எல்லா இடங்களிலும் பரவலாகச் சீர்திருத்துவதே அதிகப் பலன் தரும் என்பது அதன் முடிவு. கடைக்காரன் ஒருவனையே பிடித்து உலுக்கும் நமது வழக்கத்துக்கு இது நேர்மாறான பாடம்.

ஒரு கடையின் கதை

இதைக் காட்டிலும் தெளிவான உதாரணம் அமெரிக்காவிலேயே இருக்கிறது. அங்கே பலசரக்குக் கடைகளின் ஒரு பகுதியில், பக்குவம் செய்த இறைச்சியையும் பாலாடைக்கட்டியையும் வாடிக்கைக்காரர் கேட்கும் அளவுக்கு மெல்லியதாகச் சீவிக் கொடுப்பார்கள். அதற்கு டெலி என்று பெயர். அப்பண்டங்களில் லிஸ்டீரியா என்ற கிருமி சேர்வதுண்டு. மற்றக் கிருமிகள் அடங்கிக் கிடக்கும் குளிர்சாதனப் பெட்டியிலும் இது மெள்ள மெள்ளப் பெருகும். கர்ப்பிணியின் சிசுவையும் முதியவர்களையும் கொல்லும். அந்நாட்டில் வருஷத்துக்கு ஏறக்குறைய 1,600 பேர் இந்த நோய்க்கு ஆளாகி 260 பேர் மாள்கிறார்கள் என்று 2011-இல் அரசாங்கத்தின் நோய்த்தடுப்பு நிலையம் மதிப்பிட்டது.

தொழிற்சாலையிலேயே சீவிப் பொட்டலம் கட்டிய இறைச்சியையும், கடையில் சீவிக் கொடுத்த இறைச்சியையும் 2010-இல் ஒப்பிட்டுக் கணக்கிட்டார்கள். இவ்வகை இறைச்சியால் வரும் லிஸ்டீரியா நோயில் 100-க்கு ஏறக்குறைய 83 பங்கு கடையில் சீவியதைச் சேர்ந்தது என்று தெரிந்தது. ஆகவே, கடையில் என்னதான் நடக்கிறது என்பதே அடுத்த கேள்வியாயிற்று.

உணவு மருந்து நிர்வாகமும், உணவுப் பாதுகாப்புச் சோதனை இலாகாவும் சேர்ந்து 2013-இல் ஒரு முழுக் கடையையே கம்ப்யூட்டருக்குள் அமைத்தன. கடைச் சிப்பந்திகள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக் குறித்த விவரங்கள் அதற்கு ஆதாரம். சிப்பந்தி கண்ணாடிப் பெட்டியைத் திறக்கிறார், இறைச்சியை எடுக்கிறார், சீவும் இயந்திரத்தில் வைக்கிறார், கையுறையை மாற்றுகிறார் அல்லது மாற்ற மறக்கிறார், அடுத்த வாடிக்கைக்காரருக்குப் பாலாடைக்கட்டியை எடுக்கிறார். ஒவ்வொரு தொடுகையிலும் எத்தனை கிருமி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு ஒட்டிக்கொண்டு போகும் என்பதையும் சோதனைச் சாலையில் அளந்து சேர்த்தார்கள்.

முடிவுகளைக் கவனியுங்கள். சீவும் இயந்திரமே கிருமி பரவும் முக்கிய வழிகளில் ஒன்று என்று தெரிந்தது. ஒரு துண்டில் இருந்த கிருமி கத்தியில் ஏறி, அதற்குப்பின் வந்த துண்டுகளுக்கெல்லாம் பங்கு போடப்பட்டது. பண்டங்களை எப்பொழுதும் 5 டிகிரி செல்சியஸிலோ அதற்குக் கீழோ வைத்திருந்தால் எதிர்பார்க்கப்படும் நோயில் 100-க்கு 9 பங்காவது குறையும். கிருமி பெருகாமல் தடுக்கும் சரக்குகளைத் தயாரிப்பின்போதே சேர்த்தால் ஆபத்து மிகப் பெரிய அளவில் குறையும். கடைக்கு வரும் பண்டமே குறைந்த கிருமியுடன் வந்தால் கடையின் ஆபத்தும் குறையும். கையுறையைக் கைவிட்டால் ஆபத்து கூடும். ஆகவே அதுவும் வேண்டியதுதான். ஆனால் கையுறை மட்டுமே நம்மைக் காக்கும் என்று இருந்துவிட முடியாது.

கையும் கடிகாரமும்

நமது சமையலறைக்கு இந்தச் சிந்தனையைக் கொண்டுவருவோம். பல கிருமிகள் தங்களுக்கு மிகச் சாதகமான உஷ்ணத்தில், சுமார் 20 நிமிஷத்துக்கு ஒரு முறை இரட்டிக்கக் கூடியவை. கையைச் சோப்பினால் கழுவியதால், உணவில் 1,000 கிருமி சேர வேண்டிய இடத்தில் 100 மட்டும் சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். நல்ல லாபம்தான். அந்த உணவை வெதுவெதுப்பாகத் திறந்து வைத்தால் ஒரு மணி நேரத்தில் 100 என்பது 800 ஆகிறது. 80 நிமிஷத்தில் 1,600 ஆகிறது. கைகழுவிப் பெற்ற லாபம் முழுவதையும் கடிகாரம் விழுங்கிவிட்டது. நான்கு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 4,09,600! ஆரம்பத்தில் கிருமிகள் சிறிது தயங்கி நிற்கும் என்பதையும், உஷ்ணம் எப்பொழுதும் அவற்றுக்கு முழுச் சாதகமாக இராது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் கணக்கின் போக்கு இதுதான்.

அப்படியானால் கை கழுவுவது வீண் வேலையா? அன்று. இங்கேதான் பொது உபதேசத்துக்கும் கணக்குக்கும் உள்ள பேதம் தெரிகிறது. செறுவத்தூர் சம்பவத்தில் கண்டறியப்பட்ட கிருமி ஷிகெல்லா. அது மனிதனுடைய குடலிலிருந்து, கழுவாத கை மூலமாகவும் கெட்ட தண்ணீர் மூலமாகவும் உணவில் சேர்வது. 10 முதல் 100 வரையான கிருமிகளே ஒரு மனிதனைப் படுக்கையில் தள்ளப் போதும். இத்தகைய நோய்க்குக் கடிகாரத்தைக் காட்டிலும் கையும் தண்ணீரும் முக்கியம். மயோனைஸில் சால்மோனெல்லா இருந்தாலோ, முட்டை வந்த பண்ணையும் அது கிடந்த நேரமும் அதில் சேர்ந்த புளிப்பும் முக்கியம். புளிப்பு மிகுந்த மயோனைஸில் சால்மோனெல்லா குளிர்பெட்டியில் சாவதைவிட அறை உஷ்ணத்தில் விரைவாகச் சாகிறது. புளிப்புக் குறைந்ததிலோ அதே அறை உஷ்ணத்தில் பெருகத் தொடங்குகிறது. ஒரே கடை, ஒரே தட்டு. கிருமி வேறானால் பரிகாரமும் வேறு. எந்தக் கிருமி என்று அறியாமல் உத்தரவு போடுவது, நாடி பாராமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும்.

நமது சோற்றையே பாருங்கள். அரிசியில் ஒட்டியிருக்கும் ஒரு வகைக் கிருமியின் வித்துக்கள் கொதிநீரிலும் சாவதில்லை. வடித்த சோறு பெரிய அண்டாவில் மெள்ள ஆறும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்குகின்றன. அந்த நஞ்சு மறுபடி சூடு செய்தாலும் அழிவதில்லை. ஆகையால் சுட வைத்துவிட்டோம், பயமில்லை என்ற நம்பிக்கை தவறானது. சோற்றைப் போன்ற கெட்டியான பண்டம் நடுவிலிருந்து வெளியே ஆறுவதற்குப் பிடிக்கும் நேரம் ஏறக்குறைய அதன் கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எட்டு அங்குல உயரம் குவித்த சோற்றை நான்கு அங்குலமாகப் பரப்பினால் ஆறும் நேரம் பாதியாக அன்று, ஏறக்குறைய கால் பங்காகக் குறையும். ஓர் அகன்ற தாம்பாளம் இங்கே ஒரு சோதனை அதிகாரியைவிட அதிக வேலை செய்கிறது.

பள்ளிக் குழந்தைகளின் உணவுக்கும் இது பொருந்தும். பள்ளியிலேயே சமைத்துச் சூட்டோடு பரிமாறும் முறையில் கடிகாரம் குழந்தைகளின் கட்சியில் இருக்கிறது. ஓரிடத்தில் சமைத்து வண்டிகளில் பல பள்ளிகளுக்கு அனுப்பும் முறையில், சமையலறை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், கடிகாரம் எதிர்க்கட்சிக்குப் போய்விடுகிறது. எத்தனை நிமிஷம் வரை போகலாம், பாத்திரத்தின் உஷ்ணம் எவ்வளவுக்குக் கீழே இறங்கக் கூடாது என்பவை கணக்கிட்டு எழுத வேண்டிய விஷயங்கள். ஒப்பந்தக்காரரின் வசதிக்கு அவற்றை விட்டுவிடலாகாது.

குற்றவாளி யார்?

இக்கணக்கு நமக்குக் கற்பிக்கும் ராஜீய பாடம் ஒன்றும் உண்டு. உணவு நோய் என்றதும் நமது பார்வை நேரே தள்ளுவண்டிக்காரன்மீதும் ஹோட்டல் சிப்பந்திமீதும் போகிறது. சங்கிலியில் கடைசி வளையம் அவன்தான், ஏழை, வக்கீல் வைக்க முடியாதவன். 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு, சுகாதாரமற்ற முறையில் உணவு தயாரிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. அபராதம் வேண்டாமென்று நாம் கூறவில்லை. ஆனால் கைகழுவத் தண்ணீர்க் குழாய் இல்லாத தெருவில் நிற்பவனைக் கை கழுவாததற்காகத் தண்டிப்பது நியாயமா? அவனுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டியது முனிசிபாலிடியின் கடமை அல்லவா? வயிற்றுப்போக்குடன் ஒரு சிப்பந்தி வேலைக்கு வருகிறான். அவன் வராவிட்டால் அன்றைய கூலி இல்லை. கூலி இல்லையேல் வீட்டில் அடுப்பு எரியாது. சம்பளத்துடன் இரண்டு நாள் ஓய்வு அவனுக்குக் கிடைக்குமானால், ஷிகெல்லாவுக்கு ஒரு வழி அடைபடும். கணக்குப் போட்டால் இந்த ஓய்வின் விலை, ஆஸ்பத்திரிச் செலவுக்கு முன்னால் எவ்வளவு அற்பம் என்பது தெரிந்துவிடும்.

தெரு வியாபாரிகளின் ஜீவனத்தைப் பாதுகாக்க 2014-இல் பார்லிமெண்டு சட்டம் இயற்றியது. உணவுச் சட்டம் ஒரு பக்கம் அவர்களைத் துரத்துவதும், ஜீவனச் சட்டம் மறுபக்கம் அவர்களைக் காப்பதுமாக இருப்பது விவேகமான ஆட்சிக்கு அழகன்று. பண்ணை, கசாப்புக் கூடம், குளிர் வண்டி, தண்ணீர்க் குழாய், கடை என்ற சங்கிலியில் ஆபத்து எங்கே அதிகம் சேருகிறதோ அங்கே சட்டத்தின் கை விழட்டும். அந்த இடத்தைக் காட்டும் சக்தி கணக்குக்கு உண்டு. அது முதலாளியின் முகத்தைப் பார்த்துத் தயங்காது. ஏழையின் வேஷ்டியைப் பார்த்து ஏளனமும் செய்யாது.

கடன் வாங்கிய எண்கள்

கம்ப்யூட்டர் சொல்வதெல்லாம் வேதவாக்கு ஆகுமா என்று சிலர் கேட்பார்கள். ஆகாது. தப்பான எண்ணைப் போட்டால் தப்பான விடைதான் வரும். விடை பெரிய இயந்திரத்திலிருந்து வருவதால் அது உண்மையாகிவிடாது. எதிர்பாராத கொடுமையையும் கணக்கு காணாது. 2013 ஜூலையில் பீகாரின் கண்டாமன் கிராமப் பள்ளியில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் மாண்டார்கள். அது கிருமியின் வேலையன்று. பூச்சிமருந்து கலந்த எண்ணெயின் வேலை. எந்தத் தாயக்கட்டையிலும் அந்த முகம் இல்லை. ஆகவே சமையலறைக் கண்காணிப்பும், பரிமாறுமுன் பெரியவர் ஒருவர் சுவைத்துப் பார்க்கும் வழக்கமும் கணக்குக்கு அப்பாற்பட்ட காவல்கள். அவற்றைக் கைவிடக் கூடாது.

இந்தக் குறைகளைச் சொல்லிக் கணக்கே வேண்டாமென்று வாதிப்பதும் சரியன்று. கணக்குப் போடாதவனும் மனத்துக்குள் ஏதோ ஒரு கணக்கைப் போட்டே உத்தரவிடுகிறான். அவனுடைய கணக்கைப் பிறர் சரிபார்க்க முடியாது; எழுதிய கணக்கை யாரும் சரிபார்க்கலாம். இதுவே வித்தியாசம்.

உண்மையான அபாயம் வேறிடத்தில் இருக்கிறது. மேல்நாட்டுக் கணக்கை அப்படியே இறக்குமதி செய்துவிட நாம் முற்படலாம். அந்தக் கடையில் குளிர்சாதனப் பெட்டி இரவும் பகலும் ஓடுகிறது. குழாயில் வருவது குடிக்கத் தக்க தண்ணீர். சிப்பந்தி கையுறை அணிகிறார். நமது கடையிலோ மின்சாரம் போய்ப் போய் வருகிறது. மே மாதத்தில் அறைக்குள்ளேயே கிருமி வளர்க்கும் உஷ்ணம் இருக்கிறது. தண்ணீர் குடத்தில் வருகிறது. அவர்களுடைய எண்ணை நமது பாத்திரத்தில் ஊற்றினால் கிடைக்கும் விடை நமக்குச் சொந்தமாகாது.

இங்கே ஒரு சரித்திரத்தை நினைவூட்டுவது பொருத்தம். தொற்றுநோய்கள் பரவும் விதத்தைக் கணிதமாக எழுதிய மூல நூல்களில் ஒன்று, கெர்மாக்கும் மக்கெண்ட்ரிக்கும் 1927-இல் பிரசுரித்த கட்டுரை. தங்கள் சூத்திரம் சரியென்று காட்ட அவர்கள் எடுத்துக்கொண்ட எண்கள் எவை? 1905 டிசம்பர் முதல் 1906 ஜூலை வரை பம்பாயில் பிளேக் நோயால் வாரா வாரம் மாண்டவர்களின் எண்ணிக்கை! மாண்டவர்கள் நமது ஜனங்கள், கணிதம் பிறரது, புகழும் பிறரது. அக்காலத்தில் நாம் அடிமைகள், எண்ணப்பட்டோம், எண்ணவில்லை. இன்று அப்படிச் சொல்லிக்கொள்ள நமக்கு இடமில்லை. 1931-இல் மஹலநோபிஸ் கல்கத்தாவில் இந்தியப் புள்ளிவிவர ஸ்தாபனத்தை நிறுவினார். ஒரு பிடி அளந்து ஒரு தேசத்தை அறியும் மாதிரிக் கணக்கெடுப்பை இந்த நாட்டு வயல்களில் நடத்திக் காட்டினார். 1950-இல் தேசீய மாதிரிக் கணக்கெடுப்பு ஆரம்பமாயிற்று. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற பழமொழியைச் சாஸ்திரமாக்கி உலகத்துக்குக் காட்டிய நாடு, தன் சோற்றுப் பானையின் உஷ்ணத்தை அளக்கத் தெரியாமல் நிற்பது பெருமையாகுமா?

செய்ய வேண்டியவை

நமது யோசனைகள் இவை:

முதலாவது, நோயை எண்ண வேண்டும். பதிவு பெற்ற வைத்தியர்கள் உணவு விஷச் சம்பவங்களை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டுமென்று உத்தரவிட, 2006-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு உணவுப் பாதுகாப்பு அதிகார ஸ்தாபனத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. அந்தப் பிரிவு ஏட்டளவில் நில்லாமல் ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் நடைமுறைக்கு வர வேண்டும். நோயாளியின் மலத்தைச் சோதித்து எந்தக் கிருமி என்று காணும் வசதி ஜில்லாவுக்கு ஒன்றேனும் வேண்டும்.

இரண்டாவது, பழக்கங்களை அளக்க வேண்டும். வீடு, பள்ளிச் சமையற்கூடம், ஹோட்டல், தள்ளுவண்டி ஆகியவற்றில் மாதிரிக்குச் சிலவற்றைப் பொறுக்கி, உணவு எத்தனை நேரம் எந்த உஷ்ணத்தில் கிடக்கிறது, கை எத்தனை முறை கழுவப்படுகிறது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒரு வருஷம் முழுவதும் குறிக்க வேண்டும். இது தண்டிப்பதற்கான சோதனையன்று, அறிவதற்கான கணக்கெடுப்பு. அபராதப் பயம் கலந்தால் உண்மை ஒளிந்துகொள்ளும்.

மூன்றாவது, அந்த எண்களைக் கொண்டு நமது சர்வகலாசாலைகள் கணக்கை அமைக்க வேண்டும். ஆபத்தை ஆராய்ந்தே விதிகள் செய்ய வேண்டும் என்பது 18-ஆம் பிரிவின் கருத்து. அமைத்த கணக்கு ரகசியமாக இருக்கக் கூடாது. எந்த எண் எங்கிருந்து வந்தது, எது அனுமானம் என்பதெல்லாம் தமிழிலும் மற்றத் தாய்மொழிகளிலும் வெளியிடப்பட வேண்டும். வியாபாரிகளின் சங்கமும் தொழிலாளர் சங்கமும் அதை ஆட்சேபித்துப் பேசச் சந்தர்ப்பம் அளிக்க வேண்டும்.

நான்காவது, தடை உத்தரவு எதுவாயினும், அதனால் எத்தனை நோய் குறையும் என்ற மதிப்பீடு கூடவே வெளியாக வேண்டும். ஒரு வருஷம் கழித்து அது பலித்ததா என்று சட்டசபையில் தெரிவிக்க வேண்டும்.

ஐந்தாவது, கணக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டாத காரியங்களும் உண்டு. உணவு விற்கும் தெருக்களில் தண்ணீர்க் குழாய், சிப்பந்திகளுக்கு நோய்க்கால ஓய்வு, பள்ளிச் சமையற்கூடங்களுக்கு ஓர் உஷ்ணமானி. இவற்றை நாளைக்கே தொடங்கலாம்.

தேசத் தொண்டர்களுக்கும் ஒரு வார்த்தை. முனிசிபல் கூட்டங்களிலும் கிராம சபைகளிலும் நீங்கள் கேள்வி கேட்கிறீர்கள். அந்தக் கேள்விகளில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எத்தனை கடைக்குச் சீல் வைத்தீர்கள் என்று கேட்பதோடு நில்லாமல், எத்தனை பேருடைய நோயைத் தடுத்தீர்கள், அதை எப்படி அறிந்தீர்கள் என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு விடை கூறும் பொறுப்பு அதிகாரிகளுக்கு ஏற்படும் நாளில், பினாயில் ஊற்றிப் படம் பிடிக்கும் வேலை தானே நின்றுவிடும். பசிக்குச் சோறு போடுவது எவ்வளவு பெரிய தருமமோ, அந்தச் சோறு நோயாகாமல் காப்பதும் அவ்வளவு பெரிய தருமம். முன்னதற்கு நாம் திட்டங்கள் தீட்டியிருக்கிறோம். பின்னதற்கு இன்னும் கணக்கே எழுதவில்லை. அதை எழுதத் தொடங்குவோம்.